தகர வாத்தும் கொட்டைப்பாக்கும்

எனக்கு எழுபத்தாறு முடிந்து எழுபத்தேழு நடக்கிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. (மற்ற மூன்றும் என் தங்கையின் பிள்ளைகள். அவள் போன பிறகு என்னிடம் வந்தவர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், விட்டால் சண்டைக்கு வருவார்கள்.) ஏழு பேரையும் படிக்க வைத்து, கல்யாணம் கட்டிக் கொடுத்து, ஆளாக்கிவிட்டேன். எங்கள் தெருவில் இன்றைக்கும் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. இவ்வளவு பெருமை உள்ள ஒருத்தி, தன் இருபத்திரண்டாவது வயதில், வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மரியாதைப்பட்ட ஒரு மனிதரின் வழுக்கைத் தலையில் கொட்டைப்பாக்கை வீசி அடித்தாள். குறி தப்பவில்லை.

இதை நானே எழுதிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொல்லச் சொல்ல அந்தப் பாக்கு எலுமிச்சம்பழமாகி, போன பொங்கலுக்குத் தேங்காய் வரைக்கும் வந்துவிட்டது.

எழுத வைத்தவள் என் பேத்தி நித்யா. எந்நேரமும் போனும் கையுமாக இருப்பாள். அதற்குள் ஆட்கள் ஓடுவார்கள், சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், இவள் டப்பு டப்பென்று சுடுவாள். என் மருமகள் கத்துவாள்: "கண்ணு போயிடும்டி! அத்தை, நீங்களாவது சொல்லுங்களேன்."

நான் சொன்னேன்: "கண்ணு ஒண்ணும் கெடாது. கண்ணு நல்லாதான் ஆவும். கைதான் கெட்டுப்போவும்."

நித்யா அன்றைக்குத்தான் போனைத் தானாகவே கீழே வைத்தாள். "ஒனக்கு எப்படி ஆயா தெரியும்?"

எப்படித் தெரியும் என்றால், இப்படித்தான்.

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் அப்போது நாலு பேர். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம், அவரைப் பெற்ற என் அத்தை, அவருடைய தங்கை வசந்தா, நான். வீட்டுக்குள் ஒரு தறி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரு ஆளால் நெய்ய முடியாது. வலப்பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டுபோகிற நாடாவைப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அவர் உடல், நான் கரை. (எங்கள் குடித்தனமும் அப்படித்தான் நடந்தது. நடுவில் பெரிதாக அவர் இருந்தாலும் ஓரத்தில் நான் இல்லாவிட்டால் புடவை இல்லை.)

வசந்தாவுக்குப் பத்தொன்பது வயது. சிரித்தால் வீடே சிரிக்கும். சமையல், கோலம், நூல் சுற்றுவது எதிலும் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான் குறை. கறுப்பு நூல் அவள் கண்ணுக்குப் பிடிபடாது. கறுப்பிலே கறுப்பு, அரக்கிலே கறுப்பு என்று வந்தால் அறுந்த இழை எது, அறாத இழை எது என்று தெரியாமல் கண் அலையும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் காட்டினார். இவள் கடைசி வரியில் இருக்கிற எறும்பு மாதிரி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டாள். (எனக்கு அதில் முதல் எழுத்தே யோசித்துத்தான் சொல்ல வரும், அது வேறு விஷயம்.) "கண்ணு நல்லா இருக்குதும்மா" என்று அனுப்பிவிட்டார். அத்தை டாக்டரை நம்பவில்லை. தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. ஒரு வருஷம் கீரை தின்றதில் எங்கள் எல்லோருக்கும் கண் குளிர்ந்தது, வசந்தாவைத் தவிர.

மற்ற ஜனங்களில் பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வார்கள். எங்களில் அப்படி இல்லை. மாப்பிள்ளையின் அம்மா மடியில் ஒரு கைப்பிடி சிக்குப் பட்டு நூல் கொண்டுவருவாள். பெண்ணை உட்கார வைத்து, "இதுல முனையை எடும்மா" என்று கொடுப்பாள். கண், விரல், பொறுமை மூன்றையும் ஒரே சிக்கில் எடை போட்டுவிடுவார்கள். முதலில் வந்த வரன் வீட்டார் கொண்டுவந்தது கறுப்புச் சிக்கு. வசந்தா குனிந்து தேடினாள், தேடினாள், வந்தவர்களின் காபி ஆறி ஏடு படிகிற வரைக்கும் தேடினாள். அந்த அம்மா சிக்கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தாள். சொல்லி அனுப்பவே இல்லை. ஆனால் பெண்ணுக்குக் கை மந்தம் என்று நாலு தெருவுக்கும் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு வசந்தா கண்ணை மூடிக்கொண்டு நூல் சுற்றுவதைப் பார்த்தேன்.

"இன்னாடி இது கூத்து?" என்றேன்.

"தொறந்து வெச்சிக்கினு இன்னா ஆவப்போவுது அண்ணி" என்றாள். அழவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த நேரத்தில் தென்னேரியிலிருந்து இன்னொரு வரன் வந்தது. பையன் பெயர் சண்முகம். நல்ல தறிக்காரன், நல்ல குடும்பம். வைகாசி உற்சவம் முடிந்த மறுவாரம் வருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். அத்தை சாமிக்கு வேண்டிக்கொண்டாள், கீரையை இரண்டு வேளையாக்கினாள். இதுவும் தட்டிப்போனால் மூன்றாவதாக ஒருத்தரும் வாசலை மிதிக்க மாட்டார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லவில்லை.

உற்சவத்தின் முதல் நாள் சாமி பார்க்கப் போனவள், வழியில் ஒரு கடை முன்னால் நின்றுவிட்டேன். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாய் வைத்திருந்த விளையாட்டுக் கடை. குறுக்கே ஒரு கறுப்புத் துணி கட்டியிருக்கும். துணிக்கு மேலே தகர வாத்துகளின் தலை மட்டும் தெரியும். வெள்ளை வெளேரென்று பெயின்ட் அடித்த தலைகள். பின்னால் சைக்கிள் செயினில் கோத்திருப்பார். பாய் பெடலைக் கையால் சுற்றச் சுற்ற, இடப்பக்கம் ஒவ்வொன்றாக எழும்பி, ஆடி ஆடி வலப்பக்கம் போய் அமிழும். கொட்டைப்பாக்கு அளவில் சுட்ட களிமண் உருண்டைகள் கொடுப்பார். எறிந்து வாத்தைச் சாய்க்க வேண்டும். நடுநடுவே சிவப்பு மூக்கு வாத்து ஒன்று வரும். அதை அடித்தால் ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுவார். ஆக, வேகமாகவும் எறிய வேண்டும், எறியாமலும் இருக்க வேண்டும். இது ஆம்பிளைகளுக்கே கஷ்டம். பொம்பிளைகள் கிட்டேயே போக மாட்டார்கள்.

என் கண்ணில் முதலில் பட்டது வாத்து இல்லை, அந்தக் கறுப்புத் துணி. உருண்டை பட்டுப் பட்டுக் கந்தலாகிக் கிடந்தது. எனக்குக் கிழிசலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

"பாய், இதை இழை பிடிச்சுத் தச்சுக் குடுத்தா எனக்கு இன்னா குடுப்பீங்க?"

"தச்சுக் குடுங்கம்மா. உச்சி வெயில்ல ஒரு ஈ காக்கா வராது. அப்ப வந்து எத்தினி உருண்டை வேணும்னாலும் போடுங்க."

இப்படித்தான் நான் தினமும் உச்சிகால பூஜைக்குப் போகிறவள் ஆனேன். கோயிலில் ஒரு கும்பிடு, ஒரு இணுக்கு துளசி, பிறகு நேராக வாத்து. அத்தைக்கு என் பக்தியைப் பார்த்துப் பெருமை. "எம் மருமவ வெயில்னும் பாக்காம கோயிலே கதின்னு கெடக்குறா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு நாள் ஒரு வாத்து கூட விழவில்லை. மூன்றாம் நாள் நாலு விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் தறியில் உட்கார்ந்திருந்தபோது அந்த அதிசயம் நடந்தது. நீளமாக இழுத்துக் கட்டின பாவு நூலில் அரக்கு இழை ஒன்று அறுந்தது. வழக்கமாக ஒரு விரக்கடை நெய்த பிறகுதான் தெரியும். அன்று அறுந்த உடனே, நேரே பார்க்காமலே, கண்ணின் ஓரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நிறுத்துங்க, இழை போச்சு."

அவர் குனிந்து தேடினார். "எங்கடி?" என்றார். காட்டினேன். முடி போட்டுக்கொண்டே, "இன்னா குப்பு, கண்ணு கழுகாட்டம் ஆயிடுச்சு?" என்றார்.

துளசியின் மகிமை என்றேன். ஆனால் மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது. என் கண்ணைக் கழுகாக்கினது எதுவோ அது வசந்தாவின் கண்ணை ஒரு காக்கையாகவாவது ஆக்காதா?

மறுநாள் அவளையும் கூட்டிப் போனேன். நான் ஒன்றும் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் அசையாத எழுத்தைத்தானே காட்டினார்? இங்கே ஓடுகிற வாத்து இருந்தது. கடையைப் பார்த்ததும் வசந்தா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அய்ய, வாணாம் அண்ணி! யாராவது பாத்தா மானம் போயிடும்."

"போனா போவுது. மொதல்ல கண்ணு வரட்டும்."

அவள் எறிந்த முதல் உருண்டை பாயின் டீ கிளாஸில் விழுந்தது. இரண்டாவது பாயின் மேல். "பர்வா இல்லம்மா, நானும் வாத்துதான்" என்றார் அந்த நல்ல மனிதர். அந்தச் சிரிப்பில் வசந்தாவுக்கு வெட்கம் போய்விட்டது.

ஆறாம் நாளுக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒருத்தி எறிவது, மற்றவள் எண்ணுவது. ஒவ்வொரு வாத்து சாயும்போதும் எறிந்தவள் "உழுந்துச்சுடி!" என்று கத்துவாள் (நான் நாத்தனாரை 'டி' போட்டால், அவளும் உற்சாகத்தில் அண்ணியை 'டி' போட்டுவிடுவாள்), மற்றவள் "எத்தினி?" என்று கேட்பாள். கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி அந்த இரண்டு வார்த்தையும் வாயில் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டது வார்த்தை மட்டும் இல்லை. அரைமணி நேரம் வாத்து வலப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், வீட்டுச் சுவர் மெதுவாக இடப்பக்கம் நகரும். தறியில் நெய்திருக்கிற அன்னப்பட்சிகள் வரிசையாகக் கிளம்பிப் போகும். "ஐயோ, கரை நவுருது" என்று நான் ஒரு நாள் சொல்லப்போக, அவர் எழுந்து போய் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். தெருவில் நடந்தால் இன்னும் மோசம். மதில் சுவருக்கு மேலே சைக்கிளில் போகிறவரின் தலை தெரிந்தால் போதும், என் வலது கை தானாக மடங்கும். தேர்க் கூட்டத்தில் எத்தனை தலை! நான் சாமியைப் பார்க்காமல், என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை அதையும் பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டாள்.

உற்சவம் முடிந்தது. பாய் துணியை மடித்து, வாத்தை மூட்டை கட்டி, வசந்தாவுக்கு ஒரு சீப்பு கொடுத்துவிட்டுப் போனார். நான் அவளைக் கேட்டேன்: "இப்ப கறுப்பு தெரியுதாடி?"

அவள் யோசித்துச் சொன்னாள்: "அதேதான் அண்ணி தெரியுது. ஆனா பயம் இல்ல."

பயமின்மையை வைத்து முனையை எடுக்க முடியாதே.

தென்னேரிக்காரர்கள் வந்த அன்று மதியத்திலிருந்தே வானம் மூடிக்கொண்டது. எங்கள் கூடத்தில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. தறி இருக்கிற பக்கத்தில் நூலும் சாமானுமாக இறைந்து கிடந்ததை மறைக்க, அத்தை குறுக்கே ஒரு கருநீலப் போர்வையைக் கட்டியிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை சண்முகம், அவனுடைய அம்மா, அப்பா, ஒரு சித்தப்பா. அந்த அம்மா அதிகம் பேசவில்லை. சொஜ்ஜி, பஜ்ஜி, காபி ஆனதும் மடியை அவிழ்த்தாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம்.

கறுப்பு.

வசந்தா பாயில் உட்கார்ந்து சிக்கை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மா எதிரே உட்கார்ந்தாள். நான் வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு ஓரமாக நின்றேன். வெற்றிலை, மஞ்சள், பூ, ஏழெட்டுக் கொட்டைப்பாக்கு. என் கண் முழுக்க வசந்தாவின் விரலில். முனை கிடைக்கட்டும், முனை கிடைக்கட்டும் என்று உள்ளே ஒரே ஜபம்.

நெசவுக்காரர் யாரும் அடுத்த வீட்டுத் தறியைப் பார்க்காமல் போக மாட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா எப்போது எழுந்தார், எப்போது போர்வைக்குப் பின்னால் போனார் என்று நான் கவனிக்கவில்லை. பாவு நூலை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரைக்கும் நடந்து பார்த்திருக்கிறார். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கண்ணின் ஓரத்தில், ஒரு இருட்டுத் துணிக்கு மேலே, வெள்ளையாக, வழவழப்பாக ஒன்று எழும்பி, ஆடி ஆடி வலப்பக்கம் போகிறது. மூக்கு சிவப்பாக இல்லை.

டொக்!

"அம்மாடி!" என்று ஒரு சத்தம். தலை போர்வைக்குப் பின்னால் அமிழ்ந்தது, தகர வாத்து சாய்கிற மாதிரியே.

அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன். என் வாய் என்னைக் கேட்காமல் கூரை அதிரக் கத்தியது:

"உழுந்துச்சுடி!"

வசந்தா குனிந்த தலை நிமிராமல், நூலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"எத்தினி?"

அந்த நிமிஷத்தில் பூமி பிளந்திருந்தால் தட்டோடு உள்ளே போயிருப்பேன். அத்தையின் வாய் திறந்தபடி நின்றது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பெரியவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார். நெற்றிக்கு மேலே சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. ஒரு கையால் தலையைப் பிடித்திருந்தார். இன்னொரு கை மூடியிருந்தது.

"யாரு அடிச்சது?"

"பல்லி!" என்றேன் நான். "மேலேருந்து பல்லி உழுந்துச்சுங்க."

அவர் மூடிய கையைத் திறந்தார். "அந்தப் பல்லி பாக்கு போட்டுக்கினு இருந்துச்சா?"

மாப்பிள்ளை சண்முகம் மட்டும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. மற்றவர் யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மா நடக்குது இந்த வூட்டுல? பெரிய மனுஷனை அடிச்சிட்டு எத்தினின்னு வேற எண்ணுறீங்க?"

எனக்குப் பொய் இரண்டாவது முறை வராது. இன்றைக்கும் வராது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாத்து, பாய், உச்சிகால பூஜை, துளசி, சீப்பு. (துளசி என்றதும் அத்தை தூணைப் பிடித்துக்கொண்டாள்.) கொட்டுகிற வேகத்தில், கொட்டக் கூடாததும் கொட்டிவிட்டது: "அவளுக்குக் கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரியாதுங்க. அதுக்காவத்தான் கூட்டிக்கினு போனேன். தப்பு எம்மேலதான். அவ வாணாம்னுதான் சொன்னா."

ஒரு வருஷமாக வீடே கட்டிக் காத்த விஷயம். பாக்கு பட்டது அவர் தலையில். இது பட்டது வசந்தாவின் தலையில். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் வசந்தா வாயைத் திறந்தாள். "இந்தாங்கம்மா."

நிமிர்ந்து பார்த்தால், அவள் இரண்டு விரலுக்கு நடுவில் முனை இருந்தது. அதைப் பிடித்து இழுக்க, ஒரு முழம் நூல் சிக்கிலிருந்து சுகமாக வந்தது. அவள் அந்த அமளியில் ஒரு தடவை கூடக் கையை நிறுத்தவில்லை.

அந்த அம்மா முனையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "தெரியாதுன்னு ஒங்க அண்ணி சொல்றாளே?"

"தெரியாதுங்கம்மா. அண்ணி சொன்னது நெசம்தான். கறுப்பு எனக்கு ஒரே குப்பையாதான் தெரியும். ஆனா லேசா உதறுனா எல்லா நூலும் ஒண்ணா ஆடும். முனை மட்டும் தனியா ஆடும். அது ஆடுற வரைக்கும் தேடாம காத்துக்கினு இருப்பேன். ஆடுனா புடிச்சுப்பேன்." நூலை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து, "வாத்துகிட்டதான் கத்துக்கினேன்" என்றாள்.

அந்த அம்மா சிக்கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். எழுந்தாள். வாசலில் நின்று சொன்னாள்:

"சொல்லி அனுப்புறோம்."

அந்த வார்த்தைக்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த எட்டு நாள் அத்தை என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், பேச மாட்டாள். கீரை மட்டும் நின்றுவிட்டது, அது ஒன்றுதான் ஆறுதல். வசந்தா என்னைத் தேற்றினாள். கல்யாணம் கெட்டவள் கெடுத்தவளைத் தேற்றினாள்! "போனா போவுது அண்ணி. அவங்களுக்குத் தெரியாம கட்டிக் குடுத்திருந்தா நான் தெனம் பயந்துக்கினே நூலைப் பாக்கணும்" என்றாள். என் வீட்டுக்காரர் அந்தக் கருநீலப் போர்வையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார். "இனிமே இத்தக் கட்ட வாணாம்" என்றதோடு சரி. வேறு ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுமை இறங்கியிருக்கும்.

ஒன்பதாம் நாள் காலையில் நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. தனியாக வந்தார். பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"கையில இன்னா இருக்குது?"

முறத்தைக் கீழே வைத்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் படியேறினார். புடைப்பு வற்றிவிட்டிருந்தது. அத்தை ஓடிவந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நான் ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எங்க வூட்டம்மாவுக்கு ரெண்டு வருஷமா கறுப்பு தெரியல. யார்கிட்டயும் சொல்லல, என்கிட்ட கூட. ஒங்க வூட்டுக்குக் கொண்டாந்த சிக்கு இன்னா சிக்குன்னு நெனைக்கிறீங்க? அவளால எடுக்க முடியாம ஆறு மாசமா ஒளிச்சு வெச்சிருந்த சிக்கு அது."

அத்தை அவருக்கு மணையை எடுத்துப் போட்டாள்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்ததுலேருந்து அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி உதறிக்கினு உதறிக்கினு உக்காந்திருந்தா. நேத்து ஒரு முனை கெடச்சுது. கெடச்சதும் அழுவுறா. 'நான் ரெண்டு வருஷமா மறைச்சத அந்தப் பொண்ணு அத்தினி பேர் முன்னாலயும் சொல்லிச்சே, போய் அவளக் கேட்டுக்கினு வா'ன்னு அனுப்புனா." தலையைத் தடவிக்கொண்டார். "சண்முகம் அன்னிக்கே முடிவு பண்ணிட்டான், 'எத்தினி'ன்னு கேட்டப்பவே. ஆனா ஒரு கண்டிசன். தட்டு மாத்துற அன்னிக்கு இந்தம்மா தட்டைத் தொடக் கூடாது."

அத்தை எட்டு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்தாள். "காபி போடு குப்பு" என்றாள். அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்துவிட்டு, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நின்றேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

வசந்தா தென்னேரிக்குப் போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளும் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து சிக்கை உதறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். யார் முதலில் முனையைப் பிடிப்பது என்று பந்தயம் வேறு. அந்த வாத்து ஆட்டத்தில் கண் நல்லதாகிறதா இல்லையா என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். வசந்தாவின் கண் மாறவில்லை. எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதுதான் மாறியது. என் கை மாறியதைத்தான் ஊரே பார்த்ததே.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்த விசேஷமானாலும் தாம்பூலத் தட்டில் சீவல்தான் வைப்பார்கள். கொட்டைப்பாக்கு வைப்பதில்லை. புதிதாக வரும் மருமகள்கள் ஏன் என்று கேட்பார்கள். உடனே ஒருத்தர் எழுந்து போர்வைக்குப் பின்னால் நடந்து காட்டுவார். நான் எந்தக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தாலும் தென்னேரி வழுக்கைகள் எல்லாம் துண்டைத் தேடும்.

தென்னேரிச் சம்பந்தி எண்பத்துமூன்று வயது வரைக்கும் இருந்தார். கடைசியில் படுத்த படுக்கையாக இருந்தபோது பார்க்கப் போனேன். பேச்சு போய்விட்டது. யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். நான் கிட்டே போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த துண்டை மெள்ள இழுத்து, தன் தலைமேல் போட்டுக்கொண்டார்.

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

இவ்வளவுதான். நித்யா, எங்கே, இதை வாங்கி முதலிலிருந்து படி. எழுத்துப் பிழை இருந்தால் உனக்குள்ளேயே வைத்துக்கொள். "உழுந்துச்சுடி" வருகிற இடத்தில் மட்டும் மெதுவாகப் படிக்காதே. கத்து.